ஜன்னல் கட்டையில் இருந்த பாட்டில்

போன மாதம் உங்கள் லேபைப் பார்க்க வந்திருந்தேன். ஒரு சொட்டு ரத்தத்தை உள்ளே விட்டால், மிஷின் கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை அணுக்களையும் எண்ணிக் காகிதத்தில் அடித்துத் தருகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். கண்ணாடிக் கட்டத்தில் ஒவ்வொரு அணுவாக எண்ணி எண்ணி என் வலது கண் ஒரு பக்கமாகச் சுருங்கியே போய்விட்டது. என் மனைவி இன்றும் அதைச் சொல்லிக் கேலி செய்வாள். ஆனால் உங்கள் மிஷினுக்குக் கேட்கத் தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எனக்கே நாலு வருஷம் தோன்றவில்லை. புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வந்தது அந்த ஒன்றைத்தான்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். லேப் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய துணி மூட்டைகள் வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு மைக்ரோஸ்கோப், கையால் சுற்றுகிற சென்ட்ரிஃப்யூஜ், ஸ்பிரிட் விளக்கு, வெளி வராந்தாவைப் பார்த்த ஒரு ஜன்னல், அப்புறம் நான். வாலாஜாபாத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். ஊரே என்னைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டது. நான் கம்பவுண்டர் இல்லை என்று ஆறு மாதம் விளக்கிப் பார்த்துவிட்டு, நானும் கம்பவுண்டராகிவிட்டேன்.

அங்கே சேர்ந்த புதிதில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. பிரசவ வலியோடு வருகிற பெண்களின் ரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணினால், கணக்கு எகிறிப் போயிருக்கும். வெள்ளணு என்பது கிருமியோடு சண்டை போடும் படை. நிமோனியாக்காரனுக்கு ஏறலாம், சீழ்க் கட்டிக்காரனுக்கு ஏறலாம். ஜுரமே இல்லாமல், நன்றாக இருக்கிற பெண்ணுக்கு எதற்காக ஏற வேண்டும்? என் கைதான் தப்பு என்று நினைத்தேன். பிப்பெட்டைக் கழுவினேன், திரும்ப எண்ணினேன், மறுபடியும் அதே கணக்கு. பயந்துகொண்டே டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். எப்போதும் வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகக் கோபப்படுவார்.

"வலி வந்துட்டா அப்படித்தான்பா ஏறும்," என்றார்.

"ஏன் டாக்டர்?"

"எனக்கு என்ன தெரியும்? கடவுளைக் கேளு. அதுக்கு முன்னாடி மூணாம் நம்பர் ரிப்போர்ட்டைக் குடு."

கடவுளைக் கேட்க எனக்கு நேரமில்லை. ஆனால் ஒரு நோட்டு போட்டு, வலி வந்தவர்கள், வராதவர்கள் என்று தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டேன். பக்கத்துக்குப் பக்கம் அதே கதை. குழந்தை வெளியே வரப் போகிறது என்றால் உடம்பு படையைத் திரட்டுகிறது. எதிரி யார் என்றுதான் தெரியவில்லை! அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

இனி என் தப்புக்கு வருகிறேன். கர்ப்பிணிகள் மாதா மாதம் சிறுநீர் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும். இருபத்து மூன்று வயதுப் பையன் கையில் அந்தப் பாட்டிலை நீட்ட எந்தப் பெண்ணுக்குத்தான் வரும்? முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, என்னைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போனவர்கள் உண்டு. எனக்கும் வெட்கம்தான். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். முதல் நாளே பாட்டிலில் பெயர்ச்சீட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவேன். மறுநாள் அவர்கள் வராந்தாப் பக்கமாக வந்து, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்விடலாம். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டாம். டாக்டரம்மாவே பாராட்டினார். அந்தப் பாராட்டில் ஒரு வாரம் தரையில் கால் படாமல் திரிந்தேன்.

சரோஜா பிள்ளையார்பாளையத்திலிருந்து வருவாள். புருஷன் ஏகாம்பரம் பட்டு நெசவு. வீட்டில் அவனுடைய அக்கா குப்பம்மாவும் உண்டு. சரோஜாவுக்கு ஏற்கெனவே ஒரு குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, அன்றைக்கே போய்விட்டது. இப்போது மறுபடியும் ஏழாம் மாதம். டாக்டரம்மா அவள் சீட்டின் மேல் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜன்னல் கட்டையில் அவள் பெயர் ஒட்டிய பாட்டில் இருந்தது. பார்த்தேன். சுத்தமோ சுத்தம். ஆல்புமின் என்கிற புரதம் இல்லை, சர்க்கரை இல்லை, சீழ் அணு ஒன்றுகூட இல்லை. 'நார்மல்' என்று எழுதிக் கீழே கோடும் இழுத்தேன்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அவளை ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பற்கள் கிட்டித்துப் போகிற குளிர் நடுக்கம், அனலாகக் கொதிக்கிற உடம்பு, விட்டு விட்டு வயிற்று வலி. அவள் வயிற்றில் டாக்டரம்மா எங்கே கை வைத்தாலும் சரோஜா கத்தினாள். ரத்தம் எடுத்து எண்ணச் சொன்னார். எண்ணினேன். வெள்ளணு எக்கச்சக்கம்.

"இது ஜுரத்துக்கு ஏறினதா, வலிக்கு ஏறினதா?" என்று கேட்டார்.

என் நோட்டு அத்தனையும் கண் முன்னால் வந்தது. இரண்டுக்கும் ஒரே மாதிரிதானே ஏறுகிறது! "சொல்ல முடியாது டாக்டர்," என்றேன்.

"யூரின்?"

"நேத்துதான் பார்த்தேன். சுத்தமா இருக்குது."

அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனசில் ஓடியது என்ன என்று பிற்பாடு எனக்கு விளக்கினார். உங்களுக்கும் அது தெரிய வேண்டும். ஜுரத்தோடு சேர்ந்து வலி வந்தால், கிருமி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. சிறுநீரகத்தில் இருந்தால், கிருமியை மருந்தால் அடிக்கலாம். ஜுரம் இறங்கினால் வலியும் அடங்கலாம், குழந்தை உள்ளேயே தங்கலாம். கருப்பைக்குள்ளேயே கிருமி புகுந்துவிட்டது என்றால் கதை வேறு. அங்கே குழந்தையைத் தங்கவிட்டால் தாய் போய்விடுவாள். மருந்து ஏற்றி வலியைக் கூட்டி, உடனே பிரசவம் பார்த்தாக வேண்டும். ஏழு மாதக் குழந்தை, அந்தக் காலத்தில், எங்கள் ஆஸ்பத்திரியில் பிழைக்காது. சிறுநீர் சுத்தம் என்று நான் சொன்னதும் முதல் வழி அடைபட்டுப் போயிற்று.

"தாயையாவது காப்பாத்தணும்," என்றார் டாக்டரம்மா. நர்ஸ் டிரிப் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு வந்தாள். ரத்தம் தேவைப்பட்டால் கொடுப்பதற்காகப் புருஷனின் ரத்தம் பொருந்துமா என்று பார்க்கச் சொல்லி என்னை வெளியே அனுப்பினார்.

ஏகாம்பரம் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் குப்பம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவன் கையைப் பிடித்து ஊசியை ஏற்றும்போது, சும்மா பேச்சுக் கொடுத்தேன். "நேத்து காலையில பாட்டில் வைக்க வந்தப்ப நல்லாத்தானே இருந்தாங்க?"

"நேத்தா? எங்க சார் வந்துச்சு? நேத்து பூரா தறியில இல்ல உக்காந்துக்கினு இருந்துச்சு."

"காலையில?"

"காலையிலருந்து வெளக்கு வெக்கற வரிக்கும் சார். முகூர்த்தப் பொடவ. கோர்வைப் பொடவ. ரெண்டு ஆள் இல்லன்னா தறி ஓடாது. அந்தாண்ட கரைக்கு கலர் நூல் நாடா தள்ள அதுதான் ஒக்காரும். அது எழுந்தா நானும் எழுந்துக்க வேண்டியதுதான். அதனால எழுந்துக்கவே எழுந்துக்காது சார். தண்ணி கூட குடிக்காது, குடிச்சா போவணுமேன்னு."

என் கை நின்றது. ஊசி இன்னும் அவன் கைக்குள் இருந்தது. "அப்ப பாட்டிலை யாரு கொண்டாந்து வெச்சது?"

குப்பம்மா அழுவதை நிறுத்தினாள். "நான்தான் சார்."

"சரோஜா குடுத்தாங்களா உங்ககிட்ட?"

அவள் தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "அதுக்கு ஏது சார் நேரம்? தறிய வுட்டு வரச் சொல்ல முடியுமா? நான்தான்... நானே ரொப்பிக் கொண்டாந்துட்டேன். ஒரே பானை சோறுதான சார் துன்றோம், ஒரே கெணத்துத் தண்ணிதான குடிக்கிறோம். எல்லாம் ஒண்ணாத்தான இருக்கும்னு..."

உண்மையைச் சொன்னால், அந்த நொடியில் அவளை அடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த நொடியே அந்த ஆத்திரம் திரும்பி என் மேலேயே விழுந்தது. முகம் பார்க்காமல் பாட்டிலை வைத்துவிட்டுப் போகலாம் என்று ஜன்னலைத் திறந்து விட்டவன் யார்? ஏகாம்பரத்தின் கையில் பஞ்சை அழுத்திவிட்டு ஓடினேன். பிரசவ வார்டுக்குள் ஆம்பிளைகள் போகக் கூடாது. எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன்.

"டாக்டர், டிரிப் போடாதீங்க! அது அவங்களுது இல்ல!"

"எது யாருது இல்ல? முதல்ல வெளிய போ!"

"நேத்து பாட்டில் டாக்டர்! அது நாத்தனாரோடது!"

வார்டில் இருந்த இன்னொரு கர்ப்பிணி, தன் வலியையும் மறந்து, 'க்ளுக்'கென்று சிரித்துவிட்டாள். டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கையில் இருந்த மருந்துக் குப்பியைத் தட்டில் வைத்தார். நர்ஸிடம், "குழாய் போட்டு யூரின் எடு. உன் கண் முன்னால எடுத்து, நீயே இவன் கையில குடு," என்றார்.

அந்தப் பாட்டிலை வாங்கும்போதே தெரிந்துவிட்டது. ஒரே கலங்கல், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. சென்ட்ரிஃப்யூஜை இந்தக் கையால் என்ன வேகத்தில் சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு சொட்டு வைத்து மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தேன். சீழ் அணுக்கள், தேர்த் திருவிழாக் கூட்டம்! நகர இடமில்லை. மகிழ்ச்சியில் சத்தம் போட்டுவிட்டேன். ஒரு பெண் சாகக் கிடக்கும்போது சீழைப் பார்த்து மகிழ்ந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். டாக்டரம்மா பின்னாலேயே வந்து நின்றிருந்தார். என்னைத் தள்ளிவிட்டுத் தானே பார்த்தார். உடனே வார்டுக்குத் திரும்பி ஓடினார்.

ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. சிறுநீரகத்தில் கிருமி இருக்கிறது என்றால், கருப்பைக்குள் இல்லை என்று ஆகிவிடுமா? இரண்டிலும் இருக்கலாமே. இந்த மாதிரி இடத்தில் லேப் ரிப்போர்ட் பாதி தூரம்தான் கூட வரும். மீதியை டாக்டர்தான் நடக்க வேண்டும். அவர் ஒரு வலி அடங்கி அடுத்த வலி வருவதற்குள் இருந்த இடைவெளியில், சரோஜாவின் முதுகில் வலது விலாவுக்குக் கீழே மெல்லத் தட்டினார். அவள் துள்ளி விழுந்தாள். அதே இடைவெளியில் அடிவயிற்றை அழுத்தினார். இப்போது கத்தவில்லை. பனிக்குடமும் உடையவில்லை. அப்படியென்றால் கிருமி சிறுநீரகத்தோடு நின்றிருக்கலாம்.

"ஆறு மணி நேரம் தர்றேன்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, குழந்தையிடம் சொன்ன மாதிரி இருந்தது. "ஜுரம் ஏறினாலோ, தண்ணி உடைஞ்சாலோ நான் காத்திருக்க மாட்டேன்."

டிரிப்பில் வலியைக் கூட்டும் மருந்துக்குப் பதிலாக வெறும் குளுக்கோஸ் இறங்கியது. கிருமிக்கு ஊசி, கருப்பையைத் தளர்த்த இன்னொரு ஊசி. நான் சாப்பிடப் போகவில்லை. ஒரு மணிக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வலி. இரண்டரைக்கும் அப்படியேதான். மூன்றரைக்கு நர்ஸ் எட்டிப் பார்த்து, "எட்டு நிமிஷம் ஆயிடுச்சு," என்றாள். நாலரைக்குப் பதினைந்து. ஐந்தரை மணிக்கு, சரோஜா தூங்கிவிட்டாள் என்று வந்து சொன்னாள். நான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் இன்னொன்று தோன்றியது. பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். அதற்கு முந்தின வருஷம் அவள் குழந்தை இறப்பதற்கு நாலு நாளைக்கு முன்னால், என் கையெழுத்தில் இருந்தது: சரோஜா, பிள்ளையார்பாளையம், நார்மல். கீழே அதே கோடு. வெளியே போய்க் குப்பம்மாவைக் கேட்டேன். "போன வருஷமும் நீங்கதானா?" அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அந்தக் குழந்தையும் இதனால்தான் போயிற்றா? தெரியாது. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாளே ஜன்னலைச் சாத்தி ஆணி அடித்தேன். அதன் பிறகு பாட்டிலோடு யார் வந்தாலும் கதவு வழியாக வந்து என் கையில்தான் கொடுக்க வேண்டும். நான் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பேன்: "இது உங்களுதா?" முதல் மாதம் அவர்களும் நானும் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பிள்ளையார்பாளையத்துப் பெண்கள் எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நான் அந்தத் தெரு வழியாகப் போனால், வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருப்பவர்கள், "தோ, உங்களுதா கம்பவுண்டர் போறாரு!" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் வருஷத்தில் மட்டும், மாமியாருடையது, தங்கையுடையது, ஒரு தடவை புருஷனுடையது என்று நான் பிடித்த பாட்டில்கள் ஒன்றிரண்டல்ல.

சரோஜாவை இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார் டாக்டரம்மா. தறியில் குப்பம்மா உட்கார்ந்தாள். ஏகாம்பரம் தானாகவே வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிட்டதாகச் சொன்னான். ஒரு முழம் நெய்ததும் ரெண்டு பேரும் எழுந்தாக வேண்டும், ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாக வேண்டும், முகூர்த்தம் யாருடையதாக இருந்தாலும் சரி.

பத்தாம் மாதம் நிறைந்து ஒரு காலையில் சரோஜா வந்தாள், இந்த முறை நடந்தே. குப்பம்மா முன்னால் ஓடி வந்து பாட்டிலை என் கையில் திணித்தாள். "சத்தியமா அவளுது சார்! நானே நின்னு பாத்தேன்!" சிறுநீர் சுத்தம். ஜுரம் இல்லை. வெள்ளணுக்களை எண்ணினேன், கணக்கு ஏறி நின்றது! கிருமி எதுவும் இல்லை, ஆனாலும் படை திரண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழாம் மாதத்தில் பொய்யாக அடித்த பிரசவ மணி, இந்தத் தடவை உரிய நேரத்தில் அடித்திருக்கிறது என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். "கவிதை அப்புறம் எழுது, ரிப்போர்ட்டை எழுது," என்றார். மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. அது அழுத அழுகை என் லேப் வரைக்கும் கேட்டது.

அந்த மணி எது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறப் போகிற சமயத்தில். புதிதாக வந்த ஒரு டாக்டர் பெண் விளக்கினாள். மாதம் நிறையும்போது, கிருமி எதுவும் இல்லாமலேயே வெள்ளணுக்கள் கருப்பையின் வாயில் போய்க் கூடுகின்றனவாம். ஒரு புண் ஆறும்போது, ஒரு வீக்கம் வரும்போது உடம்பு அனுப்புகிற அதே சமிக்ஞைகளை அங்கேயும் அனுப்புகின்றனவாம். இறுகியிருந்த வாய் இளகுவதற்கும், கருப்பை சுருங்கி வலி எடுப்பதற்கும் அவை உதவுகின்றனவாம். சிறுநீரகத்தில் கிருமி புகுந்தாலும் கிளம்புவது அதே குடும்பத்துச் சமிக்ஞைகள்தான். அதனால்தான் மாதம் ஆகாத கருப்பை ஏமாந்து, நேரம் வந்துவிட்டது என்று நினைத்து வலியைத் தொடங்கிவிடுகிறது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். என் பழைய நோட்டு! துணி மூட்டை அறையில் உட்கார்ந்து, பிப்பெட்டைக் கழுவிக் கழுவி எண்ணினேனே, அந்தப் படை தப்பு இல்லை, என் கையும் தப்பு இல்லை! அது முழுக் கதை இல்லை, இன்னும் எவ்வளவோ தெரிய வேண்டியிருக்கிறது என்றாள் அந்தப் பெண். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அன்றைக்கு முழுவதும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒன்று. சரோஜா வீட்டுக்குப் போகிற அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு லேப் வாசலுக்கு வந்தாள். சொல்லாமல் விட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது எனக்கு. சொல்லிவிட்டேன். "போன வருஷ ரிப்போர்ட்டும் நான்தான்மா எழுதினேன். நார்மல்னு."

அவள் குழந்தையின் தலைத் துணியைச் சரி செய்தாள். "தெரியும் சார். படிச்சுச் சொன்னாங்க. எல்லாம் நல்லா இருக்குதுன்னு வூட்ல சந்தோசப்பட்டாங்க." குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அந்தப் பாட்டில்ல இருந்தது என்னுது இல்லன்னு எனக்கும்தான சார் தெரியும். அத்த நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். மைக்ரோஸ்கோப் கண்ணாடிச் சில்லைத் தவிர வேறு எதையும் அவ்வளவு கவனமாக நான் பிடித்ததில்லை. திரும்ப வாங்கிக்கொள்ளும்போது சொன்னாள்: "அன்னிக்கு என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிட்டிருப்பேன் சார். இப்ப கேக்கறீங்கல்ல, வுட்றாதீங்க. எல்லாரையும் கேளுங்க."

முப்பது வருஷம் கேட்டேன். இனிமேல் நீங்கள் கேளுங்கள்.